வண்டியோடு வரும் நேவிகேஷனுக்கு அறுநூற்றைம்பது தினார் கொடுக்கலாமா?

"போன் இருக்கும்போது எதுக்குக்கா அறுநூத்தம்பது தினாரை அழணும்? அதே ரோடு, அதே மேப்பு. வண்டித் திரையில காட்டினா மட்டும் பெட்ரோல் கம்மியாக் குடிக்குமா?"

"உன் போனை நம்பித்தான் போன மாசம் ஸல்த்துக்குக் கல்யாணத்துக்குப் போனோம். எல்லாரும் கை கழுவுறப்ப உள்ள நுழைஞ்சோம்."

"மன்ஸஃப் கறிச்சோறு மிச்சம் இருந்துதே."

"எலும்பு மிச்சம் இருந்துது, ஃபவ்வாஸ். அவரு உங்கிட்ட கேட்டா வாயத் திறக்காத. நீ சொன்னாக் கேட்டுத் தொலைப்பாரு."

"மச்சானுக்குப் புத்தி இருக்கு, கேக்கறாரு."

அம்மானில் ஒரு கார் ஷோரூமில், திறந்திருந்த டிக்கிக்குள் தலையை விட்டு ஸ்டெப்னி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்த சண்டை இது. நான் பணம் கட்டும் இடத்தில் இருப்பதாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேசியது என் மனைவி இன்திஸாரும் அவள் தம்பி ஃபவ்வாஸும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் புது வண்டி. அதனால் இரண்டு பேருமே என்னைவிட அதிகமாக யோசித்தார்கள்.

ஷோரூம்காரர் பொறுமையாகத்தான் விளக்கினார். "உஸ்தாத், போன் மேப்பு முழுக்க மேலேருந்து வர்ற சிக்னலை நம்பியிருக்கு. இது அப்படி இல்ல. சக்கரம் எத்தனை சுத்து சுத்துது, வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். சிக்னல் போனாலும் கொஞ்ச தூரம் கூட வரும்." நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், காதில் வாங்கவில்லை. வேண்டாம் என்றேன். "ஒரு வருஷத்துக்குள்ள மனசு மாறினா வாங்க, இதே விலைக்குப் போட்டுத் தர்றோம்" என்றார்.

இன்திஸார் என் பக்கத்து இருக்கையை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து என் மகன் ஸுஹைபுக்குப் பெண் கேட்கும் நாள் வந்தது. பெண் ரனீம், அவனோடு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் அப்பா ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இரண்டு தடவை அம்மானில் அவர் தங்கை வீட்டில் சந்தித்தேன். இரண்டு தடவையும் யோசிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை போன் செய்து, "வெள்ளிக்கிழமை ஊருக்கு ஜாஹா கொண்டு வாங்க. அஞ்சு மணி. அஞ்சுன்னா அஞ்சு" என்றார். ஒரு வீட்டு வாசலுக்கு ஆண்கள் கூட்டமாகப் போய், மூத்தவர் வாயால் ஒன்றைக் கேட்பதுதான் ஜாஹா. அவர் ஊர் அஜ்லூன் மலைப்பக்கம். எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை.

"நேரம் தவறினா அப்பா கதவைச் சாத்திடுவாரு மாமா. அக்காவைக் கேட்டு வந்தவங்களுக்கே அதைச் செஞ்சாரு" என்று ரனீம் ரகசியமாக என்னிடம் சொல்லியிருந்தாள். ஸுஹைப் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

பதினோரு கார்கள், நாற்பது ஆண்கள். முன்னால் என் புது வண்டி. எங்கள் குடும்பத்தின் மூத்தவர் ஹாஜி ஸாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்கும் பேச்சு அவருடையது. பின் இருக்கையில் ஃபவ்வாஸ், கையில் போன். ஸுஹைப் இரண்டாவது வண்டியில்.

ஜெரஷ் தாண்டியதும் ஃபவ்வாஸ் அமைதியாகிவிட்டான். அவன் அமைதியானால் ஏதோ தப்பு.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மச்சான். நேரா போங்க."

"நேரா போனா மரம் இருக்கு."

"நாம இப்ப பெய்ரூத்து விமான நிலையத்துல இருக்கோம்னு காட்டுது."

ஹாஜி திரும்பிப் பார்த்தார். "பெய்ரூத்தா? பொண்ணு அஜ்லூன்னுதானேப்பா சொன்னீங்க?"

அந்த மாதங்களில் இது எல்லோருக்கும் நடந்ததுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கும் சண்டைக்காக வானத்துச் சிக்னலைக் குழப்பிவிடுவார்கள். நம் ஊர்ப் போன்கள் எல்லாம் விமான நிலையத்தில் போய் நின்றுகொள்ளும். ஆனால் அம்மானுக்குள் அது சிரிப்பு. மலையில், பின்னால் பத்து வண்டி வர, மணி நாலரை ஆகும்போது சிரிப்பு இல்லை.

"கர்னலுக்குப் போன் போட்டு வழி கேக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்" என்றார் ஹாஜி. "பொண்ணு கேட்டு வர்றவன் வழியையும் அவங்கிட்டயே கேக்கறதா? இறங்கி யாரையாவது கேளு."

இரண்டு இடத்தில் தப்பாகத் திரும்பினோம். ஒரு ஆலிவ் தோப்புக்குள் பதினோரு வண்டியும் போய், பதினோரு வண்டியும் பின்பக்கமாகவே வெளியே வந்தன. ஐந்தேகாலுக்கு ஒரு ஊர் வந்தது. சாலையோரம் பச்சை பாதாம் விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஃபவ்வாஸ் கேட்டான், "பந்தல் போட்ட வீடு எது, மாமா?"

நம் ஊரில் அப்படித்தானே கேட்போம். தெருப் பேரும் கதவு எண்ணும் யாருக்குத் தெரியும்?

"பந்தலா? பள்ளிவாசல் தாண்டி வலது கைப்பக்கம்" என்றார் அவர்.

பந்தல் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. வாசலில் ஆண்கள் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். நான் வண்டிகளை ஒதுக்கி நிறுத்திவிட்டுக் கடைசியாகத்தான் உள்ளே போனேன். கர்னலைக் காணவில்லை. கோபத்தில் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. அதுவும் நாங்கள் தாமதமாக வந்ததால்தான் என்று நினைத்தேன்.

கசப்புக் காபி வந்தது. ஹாஜி கோப்பையை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார். எங்கள் நாற்பது பேரும் வைத்தோம்.

"உங்க வாசலுக்கு ஒரு வேண்டுகோளோட வந்திருக்கோம்" என்றார் ஹாஜி. "அது நிறைவேறாம இந்தக் காபியைத் தொட மாட்டோம்."

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மூன்று நாள் தாடி, சிவந்த கண்கள். தன் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். தாடிக்காரர் எழுந்து வந்து, தரையில் இருந்த கோப்பையைத் தன் கையாலேயே எடுத்து ஹாஜியிடம் நீட்டினார்.

"குடிங்க ஹாஜி. நீங்க கேக்க வந்ததைக் கொடுத்தாச்சு."

ஹாஜி குடித்தார். எங்கள் ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள். ஸுஹைபின் முகத்தை நான் பார்த்தேன். அழுதுவிடுவான் போல இருந்தான். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு சுலபமாகவா?

"அந்தப் பையன் சின்ன வயசுன்னு சொன்னாங்க" என்று அவர் தொடர்ந்தார். "வேணும்னு மோதல. அப்பாவோட நாள் முடிஞ்சுது. அவன்மேல எங்களுக்குக் கோவம் இல்ல. நஷ்ட ஈடும் வேணாம். பையன்கிட்ட நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க."

ஸுஹைப் என்னைப் பார்த்தான். நான் ஃபவ்வாஸைப் பார்த்தேன். ஃபவ்வாஸ் பந்தல் கூரையைப் பார்த்தான்.

துக்க வீடு. இரண்டு நாளைக்கு முன்னால் அந்த வீட்டுப் பெரியவர் சாலையைக் கடக்கும்போது ஒரு பிக்கப் மோதி இறந்திருக்கிறார். வண்டி ஓட்டியவனின் குடும்பம் மன்னிப்புக் கேட்டு ஜாஹா கொண்டு வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் நாங்கள் நாற்பது பேர் போய்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டோம்.

நான்தான் எழுந்தேன். "அண்ணே, மன்னிச்சுடுங்க. நாங்க அவங்க இல்ல. நாங்க என் மகனுக்குப் பொண்ணு கேட்டு வந்தவங்க. கர்னல் வீட்டுக்கு. வழி தவறிட்டோம். அல்லாஹ் உங்க அப்பாவுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

ஹாஜி, "அப்ப நான் எதைக் குடிச்சேன்?" என்றார் தனக்குள்.

அந்த மனிதரின் உதடு முதலில் அசைந்தது. கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு அவரே சொன்னார். "எங்கப்பா இருந்திருந்தா இதைச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டியிருப்பாரு. எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு கர்னல்?"

"அஞ்சு."

மணி ஐந்தே முக்கால்.

"அந்தாளு கதவைச் சாத்தியிருப்பாரு. மேல பக்கத்து ஊரு. ஏறுங்க, நான் வர்றேன்."

"வேணாம்ணே, துக்கம் விசாரிக்க ஆளுங்க வர்றாங்க, நீங்க உக்கார வேண்டிய இடம்..."

"பெரியப்பா இருக்காரு. ஏறுங்க."

அவர் பெயர் நவாஃப். என் வண்டியில், ஃபவ்வாஸை நகர்த்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்து, "இடது, வலது, அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்து நிமிடம். கர்னல் வீட்டு வாசலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கர்னல் கோட்டைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் நின்றார்.

"அஞ்சுன்னு சொன்னேன்" என்றார் என்னைப் பார்த்து. பிறகு நவாஃப் இறங்குவதைப் பார்த்தார். படியில் இருந்து இறங்கி வந்தார். "நவாஃப்? உங்கப்பா மௌத்தாகி மூணு நாள் முடியலையேடா. நீ எங்க இங்க?"

"இவங்க எங்க விருந்தாளிங்க, சித்தப்பா. எங்க வீட்டுல காபி குடிச்சுட்டு வர்றாங்க. நேரம் ஆனது என்னால. கோவம்னா என்கிட்டக் காட்டுங்க."

கர்னல் நவாஃபின் தோளில் கை வைத்தார். பிறகு திரும்பி, "நாற்காலியை விரிங்கடா" என்றார்.

ஹாஜி மறுபடி கோப்பையைத் தரையில் வைத்தார். கர்னல் அவர் வேண்டுகோளை முழுதாகக் கேட்கவே இல்லை. "குடிங்க. துக்க வீட்டை விட்டு எழுந்து வந்து ஒருத்தன் உங்ககூட நிக்கறான். நான் சொல்ல என்ன இருக்கு" என்றார்.

மறுநாள் நாங்கள் நாற்பது பேரும் ஒழுங்காகத் துக்கம் விசாரிக்கப் போனோம். நாங்கள் இருக்கும்போதே அந்தப் பிக்கப் பையனின் குடும்பம் வந்தது. அவன் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். எங்களிடம் சொன்ன அதே வார்த்தைகளை நவாஃப் அவர்களிடமும் சொன்னார், ஒன்று கூடக் குறைக்காமல். நவாஃப் எந்தக் கணமும் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கலாம். நடந்துகொள்ளவில்லை. அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஸுஹைபின் கல்யாணம் இலையுதிர் காலத்தில் நடந்தது. நவாஃபின் அம்மாவுக்கும் இன்திஸாருக்கும் தினம் போன் பேச்சு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஷோரூம் கொடுத்த ஒரு வருடம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. வீட்டில் கட்சி மாறிவிட்டது. ஃபவ்வாஸ், "போட்டுடுங்க மச்சான், எனக்கு அந்தப் பந்தல் கனவுல வருது" என்கிறான். இன்திஸார், "அது இருந்திருந்தா நேரா கர்னல் வீட்டுக்குப் போயிருப்போம். நவாஃபை யாரு தந்திருப்பா? வேணாம்" என்கிறாள்.

எனக்கு அவள் சொல்வது புரிகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நவாஃபை எதிர்பார்த்து வண்டி ஓட்ட முடியாது. இனி மாதம் ஒரு தடவையாவது இன்திஸார் நவாஃபின் அம்மாவைப் பார்க்க அந்த மலைக்குத் தனியாகப் போவாள். அவள் வழி தவறி நிற்பதை நினைத்தால் எனக்கு அறுநூற்றைம்பது பெரிதாகத் தெரியவில்லை. அது உண்மையிலேயே வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி.

அதனால் கேட்கிறேன். போன்கள் எல்லாம் விமான நிலையத்தில் நின்ற அந்த மாதங்களில், வண்டியோடு வந்த நேவிகேஷன் வைத்திருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சக்கரத்தைப் பார்த்து வழி சொல்லும் என்று ஷோரூம்காரர் சொன்னது நிஜமா, விற்பதற்காகச் சொன்னதா? சரியாகக் காட்டியது என்றால் எத்தனை கிலோமீட்டர் வரை? மலையிலும் காட்டியதா? உங்கள் வண்டி எந்த வருடத்தது என்பதையும் சேர்த்து, மாதக் கடைசிக்குள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.