வராத பதிலுக்கு ஒரு பச்சை டிக்

டெமோவுக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தபோது திரை சிவப்பானது. சிவப்பாக்கியது நான் எழுதிய சோதனை.

டாக்டர் நீரஜாவுக்கு நான்கு பல் கிளினிக்குகள். நோயாளிகளின் விவரங்களை வைக்கும் இணையதளத்தை அடையாறில் இருக்கும் எங்கள் அலுவலகம் செய்து கொடுத்தது. மூன்று வாரங்களாக அது மயிலாப்பூர் கிளினிக்கில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டருக்குக் காட்டும் டெமோ நன்றாகப் போனால் தி.நகர், அடையாறு, சாந்தோம் கிளினிக்குகளுக்கும் போகும்.

நாங்கள் டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதுகிறோம். வருகிற ஒவ்வொரு தகவலும் எண்ணா, எழுத்தா, பட்டியலா என்று முன்கூட்டியே குறித்துவிடுவோம். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். எனக்கு அது பாட்டிலில் ஒட்டும் லேபிள். எழுதும்போது லேபிள் தவறாக இருந்தால் கணினி சொல்லிவிடும். தளம் ஓடத் தொடங்கியதும் லேபிள்கள் உதிர்ந்துவிடும். பிறகு சர்வர் எதை அனுப்பினாலும் அப்படியே உள்ளே போகும்.

அதனால் வாசலில் நின்று பார்க்கச் சில சிறிய சோதனை ஃபங்ஷன்கள் எழுதினேன். வந்தது எண்தானா, பட்டியல்தானா, ஏதாவது வந்ததா, வரவே இல்லையா. பொருந்தாவிட்டால் பக்கத்தைச் சிவப்பாக்கி நிறுத்திவிடும். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாக எழுதினேன். அதைச் சேர்த்த உடனே நோயாளிகளில் பாதிப் பேரின் பக்கம் சிவப்பாக வந்தது. எல்லாரும் கிளினிக்கின் பழைய காகிதக் கார்டுகளிலிருந்து ஏற்றப்பட்டவர்கள். அலர்ஜி என்ற இடத்தில் அவர்களுக்கு எதுவும் வரவில்லை. ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் அது அந்த இடத்தில்தான் தெரியும்.

டீம் லீட் குருபிரசாத் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“இன்னாம்மா இது, பல்லு புடுங்குன எடம் மாதிரி கீது.”

கிண்டலுக்கு மட்டும்தான் அவர் அப்படிப் பேசுவார். பிறகு சாதாரணமாக, நாளை ஒரு நாளைக்குச் சோதனையை எடுத்துவிடலாம் என்றார். நேற்று வரை இது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டேன். ஒரு வரியைக் காட்டினார். அலர்ஜிப் பட்டியல் வராவிட்டால் காலிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரி. முன்பெல்லாம் பக்கம் பாதியில் நின்றுபோனதாம். அந்த வரி போட்டதும் சரியாகிவிட்டதாம். அவர் பொய் சொல்லவில்லை. பக்கம் நிற்கவில்லைதான்.

அந்தக் காலிப் பட்டியல் திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, எடுக்க முடியாது என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

மீட்டிங்குகளில் நான் பேசுவதில்லை. ஆபீசில் எனக்கு மியூட் மேடம் என்று பெயர். ஆனால் எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது தளத்தில் சேரும். இந்த வேலையில் இருப்பது குருபிரசாத்தும் நானும் மட்டும். என் சோதனையை ஒப்புக்கொண்டதும் அவர்தான்.

அன்று மாலை, சோதனையை நீக்கும் மாற்றத்தை அனுப்பினார். மறுத்தேன். காரணமும் எழுதினேன். அதையே வேறு தலைப்பில் அனுப்பினார். மறுத்தேன். அடுத்த முறை கூடவே கும்பிடு போடும் கை எமோஜி ஒன்றும் வந்தது. அதையும் மறுத்தேன்.

காலையில் ஆனந்தகுமார் சார் கூப்பிட்டார். நிறுவனம் அவருடையது. அவர் சத்தம் போடவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டார். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்றார். டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், சோதனையை நானே எடுக்கிறேன் என்றேன். முதலில் ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்படியென்றால் முடியாது என்றேன். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விதியைத் தாண்டிப் போக அவர் ஒருவருக்கு மட்டும் அனுமதி உண்டு. சோதனை போய்விட்டது.

“டெமோல மியூட்லயே இரும்மா,” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

மயிலாப்பூர் கச்சேரி ரோடு கிளினிக்கில் கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. டாக்டர் நீரஜா கையுறையைக் கழற்றிவிட்டு எங்கள் எதிரே உட்கார்ந்தார். குருபிரசாத் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டினார். எங்கும் சிவப்பு இல்லை. டாக்டர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“நம்ம ஸ்ரீனிவாசராகவன் மாமாவோடதை எடுங்களேன். அடுத்து அவர்தான். வெளில உக்காந்திருக்கார்.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குருபிரசாத்தின் விரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு திறந்தார்.

“பழைய கார்டு பேஷண்ட்கூட எவ்ளோ நீட்டா வந்திருக்கு,” என்றார் டாக்டர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பச்சை டிக் இருந்த வரியைப் படித்தார். “அலர்ஜி எதுவும் இல்லை. நல்லதாப் போச்சு. ஆன்டிபயாட்டிக் இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்.”

குருபிரசாத் கீபோர்டைப் பார்த்தார். ஆனந்தகுமார் சார் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி சொன்னால் என் குரல் யாருக்கும் கேட்பதில்லை.

“அவர்கிட்ட யாரும் அதைக் கேக்கவே இல்ல, டாக்டர். உங்க பழைய கார்டுல அந்தக் கேள்வியே கெடையாது. மூணு வாரமா, பதில் வராதவங்க எல்லாருக்கும் அலர்ஜி இல்லைன்னு நாங்களா போட்டுக் காட்டிட்டிருக்கோம்.”