ராஜீவ் போட்ட லினக்ஸ்

மலைக்கோயில் அடிவாரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை எங்களுடையது. நானும் ராஜீவும் கூட்டு. இருந்தது ஒரே கம்ப்யூட்டர், காலையில் நான், மாலையில் அவன். அதனால் நேரில் பேசியதைவிட 'குறிப்பு' என்ற ஃபைலில் பேசியதுதான் அதிகம். 'பொண்ணு பேர் தப்பு, திருத்து' என்று நான் எழுதி வைத்தால், 'திருத்திட்டேன், கண்ணு தெரியாதவனே' என்று பதில் இருக்கும்.

கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டது அவன்தான். "பின்லாந்துல ஒரு காலேஜ் பையன் 1991ல சும்மா ஆரம்பிச்சான்டா. பூட்டி வைக்காம ஊருக்கே குடுத்துட்டான். யார் வேணா திருத்தலாம்" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். மலையேறுகிறவர்களின் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறதாம். இருக்கட்டுமே, எனக்கென்ன?

நாலு வருஷத்துக்கு முன் பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் பழைய எழுத்துருவில் அடித்த பத்திரிகையை பென் டிரைவில் கொண்டுவந்தார். லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லை; திறந்தால் திரை முழுக்கக் கிறுக்கல். அவர் முன்னாலேயே கத்தினேன்: "உன் ஓசி சாமானைத் தூக்கிக் குப்பையில போடுடா!"

ராஜீவ் கடைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அந்த வாரமே பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். நான் போன் செய்யவில்லை. வறட்டுக் கௌரவம், வேறென்ன? ஆனால் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது என்று அவன் வைத்த சட்டத்தை மட்டும் இன்றுவரை மீறவில்லை. சாயங்காலம் ஆனால் கண் தானாக வாசலுக்குப் போகும்.

போன மாதம் வாங்கிய புது பிரிண்டர் லினக்ஸோடு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போடச் சொல்லி மெக்கானிக் தணிகைமணியைக் கூப்பிட்டேன். அவன் உள்ளே துழாவிவிட்டு நிமிர்ந்தான்.

"ஜம்புலிங்கம் அண்ணே, ராஜீவ்னு யாருங்க?"

"ஏன்?"

"லினக்ஸ்ல ஆளுக்கொரு கணக்கு இருக்கும்ல? இவரு கணக்குல மாசாமாசம் மொத ஞாயித்துக்கிழமை பெங்களூர்லருந்து நெட்டு வழியா யாரோ உள்ள வந்துகினு இருக்காங்க. எல்லாத்தையும் அப்டேட் பண்ணிட்டுப் போயிடறாங்க. பதிவு இருக்கிற வரைக்கும் ஒரு மாசம்கூட தப்பல."

எல்லாம் தானாக நடக்கிறது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

"அழிச்சிடவா அண்ணே?"

"கை வைக்காதடா" என்றேன்.

அவன் போனதும், நாலு வருஷமாகத் திறக்காத குறிப்பைத் திறந்து, 'புது பிரிண்டர் ஓடல. எப்படா வருவே?' என்று எழுதி வைத்தேன். முதல் ஞாயிற்றுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அதற்குள் எத்தனை முறை திறந்து பார்த்தேனோ!

அந்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை கடையைத் திறந்தபோது பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குறிப்பில் என் வரிக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது.

'மாசாமாசம் வந்துகினுதான்டா இருக்கேன். நீதான் பாக்கல.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்குக் கீழே அடித்தேன்: 'அடுத்த தபா ரயில்ல வா. அரக்கோணத்துல நிக்கிறேன்.'