முந்நூற்றுப் பதினேழாவது கண்ணி

நாகர்கோவிலில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் ஜெஸ்பின் மூன்று வருடங்களாக ஒரே நொதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நரம்பில் சேரும் ஒருவகைக் கொழுப்பை வெட்டி அப்புறப்படுத்தும் நொதி அது. ஐந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலக் கண்ணிகள் கோத்த சங்கிலி. வெட்டும் வேலையைச் செய்பவை அதில் ஒன்றிரண்டு கண்ணிகள்தான். எவை என்று யாருக்கும் தெரியாது. ஒரு கண்ணியை மாற்றி நொதியைச் செய்ய வேண்டும், வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பதினான்கு கண்ணிகளை மாற்றிப் பார்த்துவிட்டாள். சிலவற்றில் வேகம் குறைந்தது. சிலவற்றில் சங்கிலியே உருக்குலைந்தது. உருக்குலைந்த நொதி வெட்டாமல் போனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

2012இல் குழந்தை மருத்துவர் ததேயுஸ் ஒரு ரத்த மாதிரி அனுப்பினார். அந்த நொதி வேலை செய்யாத ஒரு குழந்தையின் ரத்தம். பெயர் இல்லை, எண் மட்டும். மரபணுவைப் படித்தபோது, நொதியின் முந்நூற்றுப் பதினேழாவது கண்ணி மாறியிருப்பது தெரிந்தது. ஜெஸ்பின் நினைத்தே பார்க்காத இடம். அதே மாற்றத்தோடு நொதியைச் செய்தாள். அளவு சரி, உருவம் சரி, கொழுப்பைப் போய்ப் பிடிக்கவும் செய்தது. வெட்ட மட்டும் செய்யவில்லை. ஐந்து தடவை பார்த்தாள். ஐந்திலும் பூஜ்யம்தான்.

"கெடச்சிட்டு!" என்று அவள் கூவியதில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அந்தச் சந்தோஷத்தோடு ததேயுஸை அழைத்தாள்.

"நல்லது ஜெஸ்பின். அந்தப் பிள்ள போன மாசம் மரிச்சிட்டு. ரெண்டு வயசு. பேரு அஜிலா."

போனை வைத்தபின் அவளுக்குத் தன் குரலை நினைக்கவே கூசியது.

ஆய்வுக் கட்டுரையில் இதைச் சேர்க்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ததேயுஸோடு மணக்குடிக்குப் போனாள். குழந்தையின் அப்பா சிலுவைதாசன் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அவன் மனைவி கிரேசி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஜெஸ்பின் தெரிந்த வார்த்தைகளில் சொல்லி முடித்தாள்.

"மத்த கண்ணியெல்லாம் சரியாத்தான் இருந்துதா?" என்று கேட்டாள் கிரேசி.

"எல்லாம் சரி. அந்த ஒண்ணுதான்."

"மாசமா இருந்தப்ப நான் சத்து மாத்திரய ஒழுங்கா முழுங்கலன்னு எனக்க மாமியாரு இன்னும் சொல்லுதாவ, அக்கா."

"மாத்திரைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உங்ககிட்ட இருந்து பழுது ஒண்ணு, அண்ணன்கிட்ட இருந்து ஒண்ணு. ரெண்டும் சேந்ததாலதான் பிள்ளைக்கு வந்துது. நீங்க ரெண்டுபேரும் பொறக்கும்போதே இருந்தது அது."

சிலுவைதாசன் நிமிர்ந்தான். "எனக்க ரத்தத்துலயுமா?"

"ஆமா அண்ணே."

அம்மா கிரேசியைக் குறைசொன்னபோதெல்லாம் அவன் வாய் திறந்ததில்லை. இப்போது எழுந்து அடுக்களை வாசலில் நின்று, உள்ளே மீன் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம், "அம்மா, கேட்டியளா? எனக்க பங்கும் உண்டு. இனி அவள ஒண்ணும் சொல்லப்பிடாது" என்றான். உள்ளே அரிவாள்மணைச் சத்தம் நின்றது. கிரேசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடம் கழித்து கிரேசி மறுபடி உண்டானாள். எந்தக் கண்ணியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால் மூன்றாம் மாதமே சோதித்தார்கள். குழந்தையிடம் பழுது ஒரு பங்குதான் இருந்தது, தாய் தகப்பனைப் போலவே. நோய் வராது. ஜெஸ்பினே நேரில் போய்ச் சொன்னாள்.

கிரேசி சிரிக்கவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அஜிலாவுக்கும் இப்பிடி முன்னமே பாத்திருந்தா, காப்பாத்தியிருக்கலாமா அக்கா?"

"இல்ல கிரேசி. மருந்து இன்னும் இல்ல."

"பழுதான இடந்தான் தெரிஞ்சிட்டே."

"இடம் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள் ஜெஸ்பின். கிரேசி தலையை ஆட்டிவிட்டு, காப்பி போட எழுந்துபோனாள்.