பின்னாலேயே வந்த கதவு

தச்சர் விடுதலையான எட்டாம் நாள் காலை, அவர் இருந்த சிறையறையின் இரும்புக் கதவு அவரைத் தேடி நடந்தே வந்து பிரார்த்தனைக் கூடத்து வாசலில் நின்றது. நீலப் பெயின்ட், அடியில் சாப்பாட்டுத் தட்டு தள்ளும் சந்து, வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள். சந்தேகமே இல்லை, அதே கதவுதான். பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளவில்லை போலும், கீலெல்லாம் புழுதி.

கோபத்தில் உளியை ஓங்கியதற்கு ஒன்பது வருடம் அனுபவித்துவிட்டு வந்தவர் அவர். சிறையிலிருந்து வருபவர்களுக்கென்றே கூடத்தில் ஒரு சிறு குழு இருந்தது. அதை நடத்திய தையல்காரம்மா, விடுதலை நாளன்று குத்துமதிப்பாகத் தைத்த புதுச் சட்டையோடு சிறை வாசலில் காத்திருப்பார். பிறகு தங்குவதற்குக் கூடத்தின் கதவில்லாத பின்னறை, பெஞ்சுகளைப் பழுதுபார்க்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை. தச்சருக்கு எல்லாம் பொருந்தியது, சட்டையின் தோளைத் தவிர. ஒரே சங்கடம், எந்தக் கதவைக் கண்டாலும் யாராவது திறந்துவிடட்டும் என்று கைகட்டி நின்றுவிடுவார். குளித்து முடித்துவிட்டு உள்ளேயே ஒரு மணி நேரம் நின்றதும் உண்டு.

கதவை லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்துவிட்டது. மறுபடி அனுப்பினார்கள். இந்தத் தடவை இரண்டே நாள், வழி பழகிவிட்டது. அது போய்த் தொலையட்டும் என்று குழு முழுக்க மூன்று ஞாயிறு மனமுருகப் பிரார்த்தித்தது. கதவும் கடைசி வரிசையில் நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டது.

பிறகு கடிதம் வந்தது. அரசுக் கதவு ஒன்றைக் காணவில்லை, ஜெயிலர் நேரில் வருவார், திருட்டு என்று தெரிந்தால் தச்சர் மறுபடி உள்ளே. தச்சர் கடிதத்தோடு தையல்காரம்மாவிடம் ஓடினார்.

"நான் எடுக்கலம்மா, அதுவாத்தான் வருது. சொன்னா யாரு நம்புவாங்க?"

"நான் நம்புறேன். கண்ணால பாத்தேனே, ரோட்ட தாண்டும்போது ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் வந்துச்சு," என்றார் தையல்காரம்மா. "வந்தது வந்துடுச்சு. சும்மா நிக்கிறதுக்கு உங்க ரூமுக்கே மாட்டுங்க. உள்பக்கம் ஒரு பிடி வச்சுக்குங்க."

தச்சர் மாட்டினார். பலாமரத்தில் வழவழப்பாக ஒரு கைப்பிடியும் செய்து உள்பக்கம் பொருத்தினார். ஆனால் அதைத் தொட மட்டும் கை போகவில்லை. தினமும் காலையில் தையல்காரம்மா வந்து திறக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

ஜெயிலர் வந்த அன்று தையல்காரம்மா நூல் வாங்கப் போயிருந்தார். கதவின் எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஜெயிலர், தச்சர் உட்கார்ந்திருந்த அறைக்குள் எட்டு வைத்தார். பழகிய பூட்ஸ் சத்தம் கேட்டதும் கதவு கடமை தவறாமல் சாத்திக்கொண்டது.

இருபத்தாறு வருடம் கதவுகளை வெளியே நின்று பூட்டியவர் அவர். இந்தப் பக்கம் ஒருநாளும் நின்றதில்லை. "யாராவது வாங்களேன்" என்று இரண்டு முறை கூப்பிட்டார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சாவி யாருகிட்ட இருக்கு?"

தச்சருக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். சிறைக்குள் போன முதல் நாள் தனக்கு இருந்ததும் அதே முகம்தான். பாவமாக இருந்தது. தன் பயம் மறந்து எழுந்து போய்ப் பிடியைப் பிடித்துத் தள்ளினார். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது.

"வாங்க சார். தல இடிக்கப்போகுது, குனிஞ்சு வாங்க."

ஜெயிலர் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வெகுநேரம் எழுதினார். அதன் நகல் இன்றும் கூடத்தில் இருக்கிறது: கதவு, இருபத்தாறு வருடப் பணி, நன்னடத்தை, விடுதலை செய்யப்பட்டது. பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் தையல்காரம்மா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஜன்னல் வந்தது. யாரைத் தேடி வந்ததென்று யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் கூச்ச சுபாவம் அதற்கு, தெருமுனையிலேயே நின்றுவிட்டது. தச்சர்தான் போய் அழைத்துவந்தார்.