முன்னால் நின்ற மூன்று எழுத்து

கேக் அக்கா இரண்டாவது முறையும் ஓட்டுநர் தேர்வில் கோட்டை விட்டதற்குக் காரணம் பிரேக்கும் இல்லை, கிளட்சும் இல்லை. முன்னால் நின்ற சாம்பல் நிறக் காரின் நம்பர் பிளேட்.

அதற்கு முன், முதல் முறை கோட்டை விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றடுக்கு கேக்கின் உச்சியில் சர்க்கரைப் பூ வைக்கும்போதுகூட நடுங்காத கை அவளுக்கு. ஆனால் பின்னால் எவனாவது ஹாரன் அடித்துவிட்டால் போதும், வெலவெலத்துப் போவாள். அன்றைக்கு மூன்று பேர் சேர்ந்தாற்போல அடித்தார்கள். அக்கா நடுச்சாலையில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தேர்வு எடுத்த அதிகாரிக்கு, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் உம்மணாமூஞ்சி சார். அவர் வாயே திறக்காமல் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"விடும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம். என் முட்டி எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றான் அவள் அண்ணன்.

அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வருடமாக அண்ணன்தான் தினமும் காலையில் அவளுடைய வேனை ஓட்டி, கேக்குகளைக் கடை கடையாக இறக்குகிறான். முட்டி தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் மூன்று மாதம் கிளட்சில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'நீ லைசென்ஸ் வாங்கு, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்' என்று அவன் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டுதான் இறங்குவான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அண்ணி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை செய்கிறவள். பதினெட்டு வருடமாகப் பயந்தாங்கொள்ளிகளோடு மல்லுக்கட்டிப் பழக்கப்பட்டவள். அடுத்த நாளே பயிற்சிக் காரில் அக்காவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஹாரனைக் கேக்கவே கேக்காத. முன்னாடி வண்டி நம்பர் பிளேட்ல மூணு எழுத்து இருக்கில்ல? அது அதே வரிசையில வர்ற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடி. நடுவுல வேற எழுத்து எத்தனை வேணா வரலாம்."

"அண்ணி, எனக்கு ஓட்டவே வரலை. இதுல இங்கிலீஷ் வேறயா?"

"பி, டி, ஆர். சொல்லு."

"பட்டர்!"

"இப்ப பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சானே, கேட்டுச்சா?"

கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. வி, என், எல் என்றால் வெனிலா. எஸ், ஜி, ஆர் என்றால் சுகர். சமையலறையைத் தாண்டி வார்த்தை வருவேனா என்றது. எச், எஸ், பி வந்த அன்று மட்டும் 'ஹாஸ்பிடல்' என்றாள், அப்புறம் வீடு வரைக்கும் எந்த வண்டியின் எழுத்தையும் பார்க்கவில்லை.

இரண்டாவது தேர்வு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. சிக்னலில் சிவப்பு. முன்னால் அந்தச் சாம்பல் நிறக் கார். டபிள்யூ, கே, டபிள்யூ. எழுத்தையும் வார்த்தையையும் சாருக்கே கேட்கிற மாதிரி அக்கா முணுமுணுத்தாள், உதட்டைக் கடித்தாள். பச்சை விழுந்தது, அந்தக் கார் போயே போய்விட்டது. இவள் அசையவில்லை. வார்த்தை கிடைக்காமல் எப்படிக் கிளம்புவது? பின்னால் ஐந்தாறு ஹாரன்கள் அலறின. ஒன்றும் காதில் விழவில்லை, அந்த அளவுக்கு அண்ணியின் வைத்தியம் பலித்திருந்தது. மறுபடி சிவப்பு விழுந்தபோது உம்மணாமூஞ்சி சாரின் பேனா தாளில் இரண்டு கோடு இழுத்தது.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு புதுச் சட்டம் போட்டாள்: "பச்சை விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. வார்த்தை கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, வண்டி போகணும்."

சொல்வது சுலபம். அந்த மூன்று எழுத்தும் மூன்று வாரமாக அவளைப் பாடாய்ப் படுத்தின. ஒரு பிறந்தநாள் கேக்கில், பெயர் எழுத வேண்டிய இடத்தில் டபிள்யூ, கே, டபிள்யூ என்று கிரீமால் எழுதிவிட்டு, அவசர அவசரமாகச் சுரண்டி எடுத்தாள். "போன்ல தேடினா ஒரு நிமிஷத்துல வந்துடுமே" என்று அண்ணன் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். அது கள்ளாட்டமாம்.

மூன்றாவது தேர்வும் புதன்கிழமைதான், அதே பத்து மணி. யாரோ ஒருவர் தினமும் அந்த நேரத்துக்கு அந்த வழியாக வேலைக்குப் போகிறார் போலிருக்கிறது. சிக்னலில் முன்னால் அதே சாம்பல் நிறக் கார். டபிள்யூ, கே, டபிள்யூ. இந்தத் தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு நொடி கிடைத்தால் பிடித்துவிடலாம்.

பச்சை விழுந்தது.

மாடிப்படியும், அந்தக் கைப்பிடியை இறுக்கிப் பற்றிய இரண்டு கைகளும் கண் முன்னால் வந்தன. வார்த்தையாவது மண்ணாங்கட்டியாவது என்று கிளட்சை மெல்ல விட்டாள். சாம்பல் நிறக் கார் வலப்பக்கம் திரும்பியது. சார் கை காட்டிய இடப்பக்கம் அவள் திரும்பினாள். அந்தக் காரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அலுவலக வளாகத்தில் வண்டியை நிறுத்தியதும் சார் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். பாஸ். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. இறங்கப் போனவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆக்வர்ட்" என்றார்.

"என்ன சார்?"

"அந்தக் காரு. ஆக்வர்ட்ங்கிற வார்த்தையில ஏ-க்கு அப்புறம் டபிள்யூ, கே, டபிள்யூ மூணும் வரிசையா வருது."

அவள் விரல் விட்டு எழுத்தெண்ணிப் பார்த்தாள். வருகிறது!

"எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?"

"போன தடவை. பச்சை விழறதுக்கு முன்னாடியே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்! மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை!"

"டெஸ்ட்ல உதவி பண்ணக் கூடாதும்மா" என்றார் உம்மணாமூஞ்சி சார். அப்போதுதான் முதல்முறையாக அவருடைய பல் தெரிந்தது.

வெளியே அண்ணி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துத் திண்டில் அண்ணன் காலை நீவிக்கொண்டிருந்தான். அவனிடம் முதலில் அந்த வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தாள். பக்கத்தில் வந்ததும் அது மறந்தே போயிற்று.

"அண்ணா, டாக்டருக்குப் போன் போடு. தேதி வாங்கு."

அண்ணி விசிலடித்தாள். அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்தான், பிறகு பழக்கதோஷத்தில் வேனின் ஸ்டீயரிங் பக்கம் நொண்டி நொண்டிப் போனான். அவள் குறுக்கே புகுந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் போய் ஏறு" என்றாள்.

அண்ணன் சுற்றிக்கொண்டு போய் ஏறி, காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தான்.