குழாயடியில் நின்ற கத்தரிச் செடிகள்

கடிகாரம் பழுதுபார்ப்பவர் வீட்டுக் கத்தரிச் செடிகள் பதினொன்றும் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பாத்தியை விட்டு எழுந்து, கொல்லைக் குழாயடிக்கு நடந்துபோய் வரிசையில் நின்றன. குறுக்கே புகப் பார்த்த மிளகாய்ச் செடியை அவை இடித்துத் தள்ளியதாக பின்வீட்டுத் தபால்காரர் சொன்னார். அதை மட்டும் யாரும் நம்பவில்லை.

மூன்று வருடமாகத் தினமும் மாலை ஐந்தே நிமிடம், ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி இலைகளைக் குளிப்பாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார் கடிகாரக்காரர். மேல்மண் கறுக்கும், அவருக்கும் மனசு நிறையும். அடிமண்ணோ மாவாக உலர்ந்து கிடக்கும். மேலேயே தண்ணீர் கிடைத்தால் எந்த வேர் கீழே இறங்கும்? மூன்று வருடத்தில் ஒரு காய் இல்லை. "மண்ணுல விரல விட்டுப் பாருங்கன்னு எத்தன தடவதான் சொல்றது?" என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம்தான்" என்பார் இவர். கடைசியில் அந்த அம்மாள் ஒரு சிமெண்டு மூட்டையை வாங்கிவந்து பாத்தியோரம் சாய்த்து வைத்தாள். இந்தத் தடவையும் காய்க்காவிட்டால் கொல்லை முழுக்கப் பூசிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் டிக் டிக் சத்தம் கேட்காத இடம் கொல்லை ஒன்றுதான். அது போனால் அவர் எங்கே போய் உட்காருவார்?

எட்டு நாள் செடிகளைத் தூக்கிவந்து நட்டார். எட்டு நாளும் விடிந்ததும் அவை குழாயடியில் நின்றன. "உங்களுக்கு நான் என்னடா கொற வச்சேன்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். ஒன்பதாம் நாள், எரிச்சல் தாங்காமல், பாத்திக்குள் விரலை விட்டார். மேல் ஈரத்துக்குக் கீழே இரண்டாவது கணு வரை புழுதி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். செடிகளை நட்டு, ஒவ்வொன்றின் தூரிலும் மண் போதுமென்று சொல்லும்வரை மெதுவாகத் தண்ணீர் விட்டார், சருகு பரப்பினார். பிறகு மூன்று நாள் கை துறுதுறுத்தும் குழாயைத் தொடவில்லை. பத்துச் செடிகள் வேர்பிடித்து, இரண்டாம் மாதம் காய்த்தன. ஒன்று மட்டும் குழாயடியை விட்டு வர மறுத்துவிட்டது.

மனைவி சிமெண்டு மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், மாலைதோறும் தெறித்த தண்ணீரில் அது பாறையாக இறுகியிருந்தது. "நீங்க ஒழுங்காத் தண்ணி விட்டது இது ஒண்ணுக்குத்தான்" என்றாள். இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள். குழாயடியில் குடம் வைக்கும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லு" என்கிறாள். பதினோராவது செடி தள்ளி நிற்கிறது.