சாத்தனூருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

ராஜாம்பாளின் கைக்கு அந்தக் கல் வந்தது 1972 மாசி மாதத்தில். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் அவள் அச்சு எடுக்கிறவள். அச்சுக்கான பிளாஸ்டருக்கு ஜிப்சம் கல்லை மூட்டை மூட்டையாக இறக்கி, அங்கேயே வறுத்துப் பொடிப்பார்கள். அன்று பிரித்த மூட்டையில், ஆட்டுக்கடாக் கொம்பு போலச் சுருண்ட ஒரு கல் கிடந்தது. சுற்றிலும் வரிவரியாகப் பள்ளம்.

எவனோ நல்ல வேலைக்காரன் வார்த்தது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் இரண்டு பாதி அச்சைச் சேர்த்து வார்த்தால் நடுவில் ஒட்டுக்கோடு விழாமல் இருக்காது. பதினோரு வருஷமாக அந்தக் கோட்டைச் சுரண்டித்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள். கல்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோடே இல்லை.

“அது கடல் சிப்பி அக்கா,” என்றான் மூட்டை இறக்கிய லாரி டிரைவர் ஜெயராஜ். “உள்ள மண்ணு பூந்து கல்லாப் போயிடுச்சாம். எங்க ஊரு காரைப் பக்கம் ஓடையில கொட்டிக் கெடக்குது. பக்கத்துல சாத்தனூருல ஒரு மரமே கல்லாக் கெடக்குது.”

“அங்க ஏது கடலு?”

“முன்ன இருந்துச்சாம். வந்து பாருங்க.”

அவள் புருஷன் பழமலை, மரவாடியில் மரம் அறுக்கிறவன். கேட்டதும் சிரித்தான். “மரம் மக்கும், இல்லன்னா எரியும். கல்லாவுமா? லாரிக்காரன் சொன்னான்னு அரியலூரு வரைக்கும் போவாங்களா?”

“நீங்க வராட்டி போங்க. நான் தனியாப் போயிட்டு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் அவனும் ஏறினான். அரியலூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். அங்கிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, வெயிலில் நடந்தார்கள்.

வழியில் ஓடை அரித்த கரையில் ராஜாம்பாள் உட்கார்ந்துவிட்டாள். மண்பாறையில் சுருள் சுருளாகக் குழிகள். சிப்பி கரைந்து போயிருந்தது. அதன் வடிவம் மட்டும் ஒரு வரிகூடப் பிசகாமல் நின்றது. விரலை உள்ளே விட்டுத் தடவினாள்.

“இது அச்சுங்க. நம்ம மூட்டையில வந்துச்சே, அது வார்ப்பு,” என்றாள். “ஈர மண்ணு சிப்பிய எவ்வளவு பதமா புடிச்சிருக்குது பாருங்க! எனக்குப் பத்துல ரெண்டு அச்சு ஒடஞ்சிடுது.”

பழமலை முன்னால் நடக்கத் தொடங்கினான்.

சாத்தனூரில் மரம் ஓடைப் பள்ளத்தில் நீட்டிப் படுத்திருந்தது. ஒரு தென்னை நீளம் இருக்கும். காவல்காரர் கலியமூர்த்தி நிழலை விட்டு எழுந்து வந்தார். “அறுபது அடிங்க. பன்னெண்டு கோடி வருஷம்னு ஆபீசருங்க சொல்றாங்க. கடலோரத்துக் காட்டுல இருந்ததாம். தண்ணியில அடிச்சிக்கிட்டு வந்து கடல்ல முழுகிடுச்சாம்.”

பழமலை செருப்பைக் கழற்றினான். விரல் கணுவால் தட்டினான்; கல்தான். பிறகு உட்கார்ந்து, அடியிலிருந்து நுனியை நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே நகர்ந்தான். பாதி வழியில் கை நின்றது.

“ராஜாம்பா, இங்க வா. இதான் கணு. இந்த எடத்துல ஒரு கிளை முறிஞ்சிருக்குது. முறிஞ்ச பொறவும் மரம் சும்மா இல்ல, வளந்து காயத்த மூடியிருக்குது.” காவல்காரர் பக்கம் திரும்பினான். “என்னா சாதி மரங்க இது?”

“பூ பூக்காத சாதின்னாங்க.”

“பூக்காமலே இம்மாம் வளந்திருக்குதா!”

கிளம்பலாம் என்று அவள் மூன்று முறை கூப்பிட்டாள். அவன் எழுந்து வரும்போது நாலு மணி பஸ் போயிருந்தது. ரோட்டுக்கு வந்து, ஒரு சுண்ணாம்புக்கல் லாரியைக் கைகாட்டி நிறுத்தி, அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

திரும்புகிற ரயிலில் பழமலை வாய் மூடவில்லை. எதிரில் இருந்த மங்கலம்பேட்டைக் கடைக்காரரிடம், “நூறு அடி பாய், முழு மரம்!” என்றான்.

“அறுபதுங்க,” என்றாள் ராஜாம்பாள்.

“சரி, அறுபது. ஆனா அதுல கணு தெரியுது பாய், கணு!”

அந்த வருஷமே மறுபடியும் போனான். மரவாடி ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, ராஜாம்பாளையும் வா என்று இழுத்துக்கொண்டு. எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். அவர்களில் நடராசன் மட்டும், “சிமெண்டுல செஞ்சு வச்சிருப்பாங்க,” என்றான். பழமலை அவனோடு ஒரு மாசம் பேசவில்லை.